டான்ஸ்கே பேங்க் எஸ்டோனியா கேஸ்: முதல் எச்சரிக்கை 2007ல, கணக்கெல்லாம் மூடி முடிச்சது 2016 ஜனவரியில

2007 ஜூன் மாசம் ரஷ்யாவோட சென்ட்ரல் பேங்க், டென்மார்க் நிதி ரெகுலேட்டருக்கு ஒரு லெட்டர் அனுப்புச்சு. எஸ்டோனியாவுல டான்ஸ்கே பேங்க் அப்பதான் புதுசா வாங்கியிருந்த சாம்போ பேங்கோட கஸ்டமர்ஸ் தொடர்ச்சியா சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை பண்றாங்க, மாசாமாசம் பில்லியன் கணக்குல ரூபிள் வெளிய போகுது, இது வரி ஏய்ப்பா இருக்கலாம் இல்ல நேரடியாவே பணச்சலவையா (குற்றத்துல வந்த பணத்த நல்ல பணம் மாதிரி மாத்துறது) இருக்கலாம்னு அதுல தெளிவா எழுதியிருந்துச்சு. ஒரு நாட்டோட சென்ட்ரல் பேங்கே, "எங்க ஊர்ல இருந்து வர்ற பணம் சரியில்ல, பாத்துக்கோங்க"ன்னு இன்னொரு நாட்டு ரெகுலேட்டருக்கு எழுதிச் சொல்லுது. இதவிட நேரடியான துப்பு எந்த ரெகுலேட்டருக்கும் கிடைக்காது. ஆனா அந்த லெட்டருக்கு அப்புறமும் எட்டு வருஷத்துக்கு மேல பணம் ஓடிட்டே இருந்துச்சு. 2007ல இருந்து 2015 வரைக்கும் அந்த எஸ்டோனியா கிளையோட வெளிநாட்டு கஸ்டமர் கணக்குகள் வழியா போன மொத்தத் தொகை சுமார் 200 பில்லியன் யூரோ, நம்ம கணக்குல 20,000 கோடி யூரோ. எஸ்டோனியாவோட மக்கள்தொகையே 13 லட்சம் சொச்சம்தான், அந்த நாட்டோட ஒரு வருஷ ஜிடிபி அப்ப சுமார் 2,000 கோடி யூரோ. அந்த 20,000 கோடியும் அழுக்குப் பணம்னு யாரும் நிரூபிக்கல, ஆனா பேங்கே வெளியாள வச்சு விசாரிச்சப்ப, அதுல பெரிய பங்கு சந்தேகத்துக்குரியதுன்னு ஒத்துக்கிச்சு.

ரெகுலேட்டர்கள் பணச்சலவைய எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க, எப்படித் தடுக்குறாங்கன்னு புரிஞ்சுக்க இந்த ஒரு கேஸ் போதும்னு நான் நினைக்கிறேன், ஏன்னா இதுல தகவல் இல்லாம யாரும் ஏமாறல. தகவல் ஒண்ணு மாத்தி ஒண்ணா வந்துட்டே இருந்துச்சு. அத கையில எடுத்து, நேர்ல போய் ஃபைல பிரிச்சுப் பாக்க வேண்டியது யாரோட வேலைன்றதுலதான் எல்லாம் தொங்கிட்டு இருந்துச்சு.

பேங்க் கைக்கு எப்படி வந்துச்சு

டான்ஸ்கே டென்மார்க்கோட மிகப் பெரிய பேங்க். 2006 கடைசியில ஃபின்லாந்தோட சாம்போ பேங்க வாங்கப் போறதா அறிவிச்சு, 2007 பிப்ரவரியில முடிச்சாங்க, விலை சுமார் 400 கோடி யூரோ. அதோட சேர்ந்து வந்ததுதான் எஸ்டோனியா யூனிட். 2008ல அத தனி பேங்கா வச்சுக்காம டான்ஸ்கேவோட ஒரு கிளையா மாத்திட்டாங்க. இது ஏதோ பேப்பர் வேலைன்னு தோணும், ஆனா பின்னாடி நடந்த பாதி குழப்பத்துக்கு இதுதான் வேர், அத கீழ சொல்றேன்.

அதே 2008ல இன்னொரு முடிவும் எடுத்தாங்க. பால்டிக் நாடுகள்ல (எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா) இருந்த யூனிட்டுகள டான்ஸ்கே குரூப்போட ஐடி சிஸ்டத்துக்குள்ள கொண்டு வர ஒரு திட்டம் இருந்துச்சு, செலவு ரொம்ப அதிகம்னு கைவிட்டுட்டாங்க. அதனால எஸ்டோனியா தலைநகர் தாலின்ல இருந்த கிளை தன் சொந்த சிஸ்டத்துலயே ஓடுச்சு, டாக்குமென்ட் பாதி எஸ்டோனிய மொழியில, பாதி ரஷ்ய மொழியில. கோபன்ஹேகன் தலைமை ஆபீஸ்ல உக்காந்து பரிவர்த்தனைய கண்காணிக்கிறவங்களுக்கு அங்க என்ன நடக்குதுன்னு திரையில தெரியவே தெரியாது. ஒரு கிளைய வாங்கிட்டு அதோட கணக்க பாக்குற வசதிய மட்டும் செலவு ஜாஸ்தின்னு விட்டா, அந்தக் கிளை சொல்றத நம்புறத தவிர வேற வழி இல்லாம போயிடும்.

அந்தக் கிளையோட தொழிலே வெளிநாட்டு கஸ்டமர்ஸ் மேலதான் நின்னுச்சு. ரஷ்யா, உக்ரைன், அஜர்பைஜான், மால்டோவா மாதிரி நாடுகள்ல இருந்து வர்ற கம்பெனிகள், ஆனா பதிவு மட்டும் வேற எங்கயோ, பிரிட்டன்ல எல்எல்பி (பார்ட்னர்ஷிப் மாதிரி ஒரு கம்பெனி வகை), இல்ல பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள்ல, இல்ல சீஷெல்ஸ்ல. அப்படி சுமார் 10,000 கஸ்டமர். 2013ல அந்தக் கிளையோட டெபாசிட்ல 44 சதவீதம் இவங்களோடது. எஸ்டோனியாவுல இவங்களுக்கு ஆபீஸும் இல்ல, ஆளும் இல்ல, வியாபாரமும் இல்ல. அப்ப எதுக்கு தாலின்ல கணக்கு? கணக்கு தொறக்குற அன்னிக்கே கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பணம் போன விதம் கேட்டா சிம்பிளா இருக்கும். மாஸ்கோ பக்கத்துல இருந்து ரூபிள் வரும், இல்ல டாலராவே வரும். தாலின் கணக்குல இறங்கும், டாலராவோ யூரோவாவோ மாறும், கொஞ்ச நேரத்துல வேற நாட்டு கணக்குக்கு கிளம்பிடும். கடன் திருப்பிக் குடுத்தோம், சாமான் வாங்குனோம், பாண்டு வித்தோம்னு ஏதாவது ஒரு காரணம் பேப்பர்ல இருக்கும். ஒரு பேங்க்ல இருந்து இன்னொரு பேங்குக்கு, ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குன்னு தாவத் தாவ, பணம் எங்க இருந்து கிளம்புச்சுன்ற தடம் அழிஞ்சுட்டே வரும். டெல்லர் கவுன்டர்ல பெட்டி பெட்டியா நோட்டு கொண்டு வந்து கொட்டுற வேலை இங்க இல்ல, எல்லாமே பேங்க் விட்டு பேங்க் போற வயர் டிரான்ஸ்ஃபர்தான். அந்தக் கிளை இந்த நடுவழி நிறுத்தமா இருந்துச்சு. பின்னாடி பத்திரிகையாளர்கள் தோண்டி எடுத்த ரஷ்ய லாண்ட்ரோமேட், அஜர்பைஜான் லாண்ட்ரோமேட்னு பேர் வச்ச ரெண்டு பெரிய பணச்சலவை கேஸ்லயும் இந்தக் கிளையோட கஸ்டமர்ஸ் இருந்தாங்க. அஜர்பைஜான் கேஸ்ல மட்டும் 2012ல இருந்து 2014க்குள்ள நாலு பிரிட்டிஷ் ஷெல் கம்பெனி (பேப்பர்ல மட்டும் இருக்குற கம்பெனி) கணக்கு வழியா சுமார் 290 கோடி டாலர் போயிருக்கு.

யாரு யாரக் கேட்டாங்க

இப்ப கிளைன்னு மாத்துன விஷயத்துக்கு வரேன். ஐரோப்பிய யூனியன் விதிப்படி ஒரு பேங்க் இன்னொரு நாட்டுல கிளை வச்சா, அந்தக் கிளையோட நிதி பலம், நிர்வாகம், மேனேஜ்மென்ட் கட்டுப்பாடு எல்லாம் தாய் நாட்டு ரெகுலேட்டர் பொறுப்பு, அதாவது இங்க டென்மார்க். ஆனா பணச்சலவை தடுப்பு விதிகள அந்தக் கிளை ஒழுங்கா பின்பற்றுதான்னு பாக்குறது, கிளை இருக்குற நாட்டு ரெகுலேட்டர் பொறுப்பு, அதாவது எஸ்டோனியா. பேப்பர்ல படிச்சா சரியாத்தான் தெரியும். ஆனா நெஜத்துல பணச்சலவை கட்டுப்பாடும் நிர்வாகக் கட்டுப்பாடும் ஒரே கயித்தோட ரெண்டு முனை. மேல இருக்குறவன் கண்டுக்கலன்னா கீழ விதிய பின்பற்றுறாங்களான்னு பாக்குற கம்ப்ளையன்ஸ் ஆள் என்ன கத்துனாலும் ஒண்ணும் நடக்காது.

எஸ்டோனியா ரெகுலேட்டர் சும்மா இருக்கல. 2007லயே நேர்ல போய் இன்ஸ்பெக்ஷன் பண்ணி, கஸ்டமர் யாருன்னு விசாரிக்கிறதுல பெரிய ஓட்டை இருக்குன்னு கடுமையா ரிப்போர்ட் குடுத்தாங்க. 2009ல மறுபடி போனாங்க, ஆனா அந்தத் தடவ நடைமுறைகள் பெரும்பாலும் விதிப்படி இருக்குன்ற மாதிரி கொஞ்சம் மென்மையான ரிப்போர்ட் வந்துச்சு. அந்த ஒரு ரிப்போர்ட்ட கோபன்ஹேகன்ல இருந்தவங்க வருஷக் கணக்கா கேடயமா பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு நடைமுறை மேனுவல் நல்லா எழுதியிருக்குன்றதும் அது படி கணக்கு தொறக்குறாங்கன்றதும் ரெண்டு வேற விஷயம். மேனுவல பாக்குற இன்ஸ்பெக்ஷன் எத்தன பண்ணாலும், பணச்சலவை பண்றவனுக்கு அதுல ஒரு சின்ன பயமும் வராது, அவன்தான் மேனுவலுக்கு ஏத்த மாதிரி பேப்பர் ரெடி பண்ணி குடுக்குறவனாச்சே.

அப்புறம் 2012லயும் 2013லயும் எஸ்டோனியா தரப்புல இருந்து டென்மார்க் ரெகுலேட்டருக்கு கவலை தெரிவிச்சாங்க, இந்தக் கிளையில வெளிநாட்டு கஸ்டமர் இவ்வளவு பேர் இருக்காங்க, ரிஸ்க் அதிகம்னு. டென்மார்க் ரெகுலேட்டர் என்ன பண்ணுச்சுன்னா டான்ஸ்கேய கேட்டுச்சு. டான்ஸ்கே தலைமை ஆபீஸ் தாலின் கிளைய கேட்டுச்சு. கிளை, "ரிஸ்க் இருக்குறது எங்களுக்குத் தெரியும், அதுக்கு ஏத்த கட்டுப்பாடு வச்சிருக்கோம்"னு சொல்லுச்சு. அந்தப் பதில் அப்படியே தலைமை ஆபீஸ் லெட்டர்ஹெட்ல ஏறி ரெகுலேட்டருக்கு போச்சு, ரெகுலேட்டர் திருப்தி ஆகிடுச்சு. குற்றச்சாட்டு யார் மேலயோ அவங்களே எழுதுன பதில் ரெண்டு ஆபீஸ் சுத்தி வந்ததும் விசாரணை முடிவு மாதிரி ஆகிப் போச்சு. இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற இடம் இதுதான், ஏன்னா இதுல லஞ்சம் வேணாம், சதி வேணாம், அவங்கவங்க தன் மேசைக்கு வந்த லெட்டருக்கு பதில் போட்டுட்டு அடுத்த வேலைக்கு போனாலே போதும், 20,000 கோடி யூரோ தாண்டிடும்.

லாப கணக்குல தெரிஞ்சிருக்கணும்

ஒரு சின்ன விஷயம், ஆனா இது ரெகுலேட்டர்கள் எல்லாரும் கத்துக்க வேண்டியதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன். 2013ல இந்த வெளிநாட்டு கஸ்டமர் பிரிவுல ஒதுக்குன மூலதனத்து மேல கிடைச்ச வருமானம் 402 சதவீதம். அதே வருஷம் மொத்த குரூப்புக்கு அது 6.9 சதவீதம். பணத்த உள்ள வாங்கி வெளிய அனுப்புறது தவிர பெருசா எதுவும் பண்ணாத ஒரு சின்ன யூனிட்ல இந்த மாதிரி லாபம் வருதுன்னா, கஸ்டமர்ஸ் எதுக்கு அவ்வளவு தாராளமா ஃபீஸ் கட்டுறாங்க? நியாயமான வியாபாரி அரை சதவீத கமிஷனுக்கே நாலு பேங்க்ல விலை கேப்பான். விலைய பத்தி கவலையே இல்லாத கஸ்டமர்னா அவனுக்கு வேண்டியது வேற ஏதோ ஒண்ணு. இந்த நம்பர பாக்க எந்த உளவாளியும் தேவையில்ல, பேங்கோட உள் கணக்குலயே இருந்துச்சு, மூலதனம் சரியா இருக்கான்னு பாக்குற சூப்பர்வைசர் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. ஆனா மூலதனம் பாக்குறவங்க டென்மார்க்ல, பணச்சலவை பாக்குறவங்க எஸ்டோனியாவுல.

லான்டானா ஃபைல்

ஹோவர்ட் வில்கின்சன்னு ஒரு பிரிட்டிஷ்காரர், தாலின்ல பால்டிக் ட்ரேடிங் பிரிவுக்கு தலைவரா இருந்தவர். 2013 டிசம்பர் 27ஆம் தேதி கோபன்ஹேகனுக்கு ஒரு ஈமெயில் போட்டார், எஸ்டோனியா கிளை தெரிஞ்சே குற்றவாளிகளோட வியாபாரம் பண்ணுதுன்னு சப்ஜெக்ட் லைன்லயே எழுதி.

அவர் கண்டுபிடிச்ச விதத்த கொஞ்சம் நிதானமா பாக்கணும். லான்டானா டிரேட் எல்எல்பின்னு ஒரு கஸ்டமர், பிரிட்டன்ல பதிவான கம்பெனி. அங்க கம்பெனிகள பதிவு பண்ற ஆபீஸான கம்பெனிஸ் ஹவுஸ்ல எந்த கம்பெனியோட கணக்கையும் யார் வேணா எடுத்துப் பாக்கலாம், அப்ப ஒரு பவுண்டு கட்டுனா போதும். இவர் கட்டி எடுத்தார். அந்தக் கணக்குல கம்பெனி செயல்படாம தூங்குது, வருமானம் இல்ல, சொத்து இல்லன்னு இருக்கு. ஆனா இவரோட பேங்க் ஸ்கிரீன்ல அதே கம்பெனி கணக்குல பணம் இருக்கு, தினமும் மில்லியன் கணக்குல ஓடிட்டும் இருக்கு. ரெண்டு பேப்பரையும் பக்கத்து பக்கத்துல வச்சாலே கேஸ் முடிஞ்சுது. அப்புறம் கிளையில இருந்து கஸ்டமர்கிட்ட கேட்டதுக்கு, திருத்துன கணக்குன்னு ஒண்ண தாக்கல் பண்ணாங்க, அதுவும் பொய். அதுக்கு மேல, அதே ஆளுங்க பின்னாடி இருக்குற இன்னொரு கம்பெனிக்கு பேங்க் கணக்கு தொறந்தும் குடுத்திருக்கு. பேங்க் தெரிஞ்சே ஒரு குற்றத்துக்கு துணை போயிருக்கு, எல்லா கட்டுப்பாடும் மொத்தமா தோத்துப் போச்சுன்னு அவர் எழுதுனார்.

உள் ஆடிட் டீம் 2014 தொடக்கத்துல தாலின் போய் பாத்துச்சு, அவர் சொன்னது சரின்னு உறுதிப்படுத்துச்சு. உண்மையான உரிமையாளர் பேரு ஏன் ஃபைல்ல இல்லன்னு கேட்டப்ப, ரஷ்ய அதிகாரிங்க தகவல் கேட்டா கஸ்டமர்ஸுக்கு பிரச்சனையாகும்னுதான் எழுதலன்னு ஊழியர் ஒருத்தரே சொல்லியிருக்காரு. மறைச்சாச்சுன்றத வாயாலயே சொல்லியாச்சு. அதுக்கப்புறமும் தலைமை ஆபீஸ் இத போலீஸுக்கோ ரெகுலேட்டருக்கோ உடனே கொண்டு போகல. வில்கின்சன் ஏப்ரல்லயே வேலைய விட்டு போயிட்டார். அவர் பேரு வெளிய வந்தது 2018ல ஒரு எஸ்டோனிய பத்திரிகை மூலமா, அதுவும் அவர் சம்மதம் இல்லாம. அப்புறம் நவம்பர்ல டென்மார்க் பார்லிமென்ட்லயும் ஐரோப்பிய பார்லிமென்ட்லயும் சாட்சி சொன்னார்.

ஷெல் கம்பெனிய பதிவு பண்ற இடமும் இந்த சங்கிலியில ஒரு ரெகுலேட்டர் மாதிரிதான், ஆனா கம்பெனிஸ் ஹவுஸ் அப்ப யார் என்ன எழுதிக் குடுத்தாலும் சரிபாக்காம வாங்கி வச்சுக்கிற இடமா இருந்துச்சு. பார்ட்னர்ஸ்னு ரெண்டு தீவு கம்பெனி பேர போட்டா போதும், மனுஷன் பேரே வேணாம். பிரிட்டன் இத திருத்த சட்டம் கொண்டு வந்தது 2023ல, டைரக்டர், உரிமையாளர் எல்லாரும் தன் அடையாளத்த சரிபாக்கணும்னு அதுலதான் கட்டாயம் ஆக்குனாங்க.

2014ல நேர்ல போனாங்க

எஸ்டோனியா ரெகுலேட்டர் 2014ல நேரடியா கிளைக்குள்ள இறங்கி கஸ்டமர் ஃபைல ஒண்ணொண்ணா எடுத்துப் படிச்சாங்க. இதுதான் இந்தக் கேஸோட திருப்புமுனை. மேனுவல ஓரமா வச்சுட்டு, ஒவ்வொரு கஸ்டமருக்கும் கணக்கு தொறந்தப்ப என்ன கேட்டாங்க, என்ன பதில் வந்துச்சு, அந்தப் பதிலுக்கும் நடந்த பரிவர்த்தனைக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாத்தாங்க. டாக்குமென்ட் எஸ்டோனிய மொழியிலயும் ரஷ்ய மொழியிலயும் இருந்தது கோபன்ஹேகனுக்கு சுவரா இருந்துச்சு, ஆனா இவங்களுக்கு அது ஒரு தடையே இல்ல, நேரா படிக்க முடிஞ்சுச்சு. கஸ்டமர் சொன்ன கதைக்கும் ஓடுன பணத்துக்கும் பொருந்தவே இல்ல, சந்தேகம் அப்பட்டமா தெரிஞ்ச இடத்துலயும் கிளை திரும்பத் திரும்ப கணக்கு தொறந்து குடுத்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க.

செப்டம்பர்ல வரைவு ரிப்போர்ட் டான்ஸ்கே கைக்கு போனப்ப, குரூப் கம்ப்ளையன்ஸ்ல இருந்த ஒருத்தரே, இந்தத் துறையில தான் படிச்சதுலயே கிட்டத்தட்ட மிக மோசமான ரிப்போர்ட் இதுதான்னு உள் ஈமெயில்ல எழுதுனார். டிசம்பர்ல இறுதி ரிப்போர்ட், 2015 ஜூலையில கட்டாய உத்தரவு. அதுக்கப்புறம்தான் வெளிநாட்டு கஸ்டமர் கணக்குகள முழுசா மூடுற வேலை வேகம் பிடிச்சு 2016 ஜனவரியில முடிஞ்சுச்சு. ரஷ்யாக்காரங்க லெட்டர் போட்டு எட்டரை வருஷம் கழிச்சு.

டாலர் கதவு

இன்னொரு பக்கத்துலயும் அழுத்தம் இருந்துச்சு, அத சொல்லலன்னா கதை முழுசாகாது. டாலர் பரிவர்த்தனை எங்க நடந்தாலும் கடைசியில ஒரு அமெரிக்க பேங்க் வழியா, இல்ல அமெரிக்காவுல கிளை வச்சிருக்குற ஒரு பேங்க் வழியாத்தான் செட்டில் ஆகும். அதுக்கு தாலின் கிளைக்கு கரஸ்பாண்டன்ட் பேங்க், அதாவது அது சார்பா டாலர அங்க செட்டில் பண்ணிக் குடுக்குற பேங்க் வேணும். ஜேபி மார்கன் 2013லயே இந்தக் கிளையோட உறவ முடிச்சுக்கிச்சு. டாய்ச்சே பேங்க், பேங்க் ஆஃப் அமெரிக்கா ரெண்டும் 2015ல நிறுத்துனாங்க. ஒரு பெரிய அமெரிக்க பேங்க் வேணாம்னு விலகுறதே ரெகுலேட்டருக்கு ஒரு பெரிய சிக்னல், அது நடந்த அன்னிக்கே ஏன்னு கேட்டு தோண்டியிருந்தா ரெண்டு வருஷம் மிச்சமாயிருக்கும்.

அமெரிக்க பேங்குங்க ஏன் விலகுனாங்க? மனசாட்சியும் இருக்கலாம், ஆனா முக்கியமா அவங்க தலைக்கு மேல இருக்குற அமெரிக்க ரெகுலேட்டர் பயம். அந்த பயத்தோட பலம் என்னன்னு லாத்வியாவுல தெரிஞ்சுது. 2018 பிப்ரவரி 13ஆம் தேதி அமெரிக்க நிதித் துறையோட ஃபின்சென் அமைப்பு, லாத்வியாவோட ஏபிஎல்வி பேங்க பணச்சலவை அபாயம்னு அறிவிச்சு டாலர் வழிய அடைக்கப் போறதா சொல்லுச்சு. ரெண்டு வாரத்துக்குள்ள அந்த பேங்க் பிழைக்காதுன்னு ஐரோப்பிய சென்ட்ரல் பேங்க் அறிவிக்க வேண்டியதா போச்சு. நாட்டோட மூணாவது பெரிய பேங்க், ஒரு நோட்டீஸ்ல காலி. அபராதம் போட்டா பேங்க் அத ஒரு செலவா எழுதிட்டு போயிடும், டாலர் வழிய அடைச்சா எழுத பேங்கே இருக்காது. இவ்வளவு பெரிய ஆயுதம் ஒரே நாட்டு கையில இருக்குறது எனக்கு சரின்னு படல, ஆனா தடுக்குற சக்தின்னு பாத்தா இதுக்கு இணை எதுவும் இல்லன்னு ஒத்துக்கத்தான் வேணும்.

விலை குடுத்தது எப்ப

2017ல டென்மார்க்ல பெர்லிங்ஸ்கே பத்திரிகை இத தொடர்ச்சியா எழுத ஆரம்பிச்சப்புறம்தான் ஊரே பேசுச்சு. 2018 மே மாசம் டென்மார்க் ரெகுலேட்டர் டான்ஸ்கேய கடுமையா கண்டிச்சு, 500 கோடி குரோனர் கூடுதல் மூலதனம் ஒதுக்கச் சொல்லுச்சு, அக்டோபர்ல அத 1,000 கோடியா ஏத்துச்சு. அதே மே மாசம்தான் அந்த ரெகுலேட்டர் போர்டோட தலைவர் பதவி விலகுனார், அவர் 2016 வரைக்கும் டான்ஸ்கேவோட தலைமை நிதி அதிகாரியா இருந்தவர். கண்காணிக்கப்பட வேண்டிய பேங்கோட உச்சத்துல இருந்தவர கண்காணிக்கிற அமைப்போட தலைவரா உக்கார வைக்கும்போது யாருக்கும் உறுத்தலையேன்றது இன்னிக்கும் எனக்கு ஜீரணமாகல.

2018 செப்டம்பர் 19ல பேங்க் நியமிச்ச வக்கீல் கம்பெனியோட ரிப்போர்ட் வந்துச்சு, அந்த 200 பில்லியன் நம்பர் அப்பதான் வெளிய வந்தது. அன்னிக்கே சிஇஓ தாமஸ் போர்கன் விலகுறதா அறிவிச்சார். அவர் உட்பட பழைய மேனேஜ்மென்ட் மேல போட்ட கிரிமினல் குற்றச்சாட்டுகள டென்மார்க் அரசு தரப்பு 2021ல கைவிட்டுடுச்சு. 2019 பிப்ரவரியில எஸ்டோனியா ரெகுலேட்டர் அந்தக் கிளையவே மூடச் சொல்லிடுச்சு.

பெரிய தண்டனை 2022 டிசம்பர்ல. டான்ஸ்கே அமெரிக்க கோர்ட்டுல குற்றத்த ஒத்துக்கிச்சு. என்ன குற்றம்னு கவனிங்க, பேங்க் மோசடிக்கான கூட்டுச் சதி. தாலின் கிளையோட கட்டுப்பாடு பத்தி அமெரிக்க பேங்குங்ககிட்ட பொய் சொல்லி, அந்த டாலர் வழிய தொறந்து வச்சுக்கிட்டதுதான் கேஸ். அப்படி அமெரிக்க பேங்குங்க வழியா போனது சுமார் 16,000 கோடி டாலர். 200 கோடி டாலருக்கு மேல பறிமுதல், அமெரிக்க பங்குச் சந்தை ரெகுலேட்டருக்கு தனியா 41.3 கோடி டாலர், டென்மார்க்ல சுமார் 475 கோடி குரோனர். ஒண்ணுக்கொண்ணு கழிச்சது போக மொத்தத்துல சுமார் 1,500 கோடி குரோனர் கையவிட்டு போச்சு. ஒன்பது வருஷத்துல இந்த கஸ்டமர்ஸால வந்த வருமானம்னு பேங்க் மதிப்பிட்டது 150 கோடி குரோனர். பத்து மடங்கு. கேக்க நல்லா இருக்கு. ஆனா கணக்க மூடி ஏழு வருஷம் கழிச்சு வந்த தண்டனை இது, அந்தக் காசு கட்டுனது அப்ப இருந்த ஷேர்ஹோல்டர்ஸ், கணக்கு தொறந்து குடுத்து போனஸ் வாங்குனவங்க யாரும் இல்ல. பணத்த அனுப்புன பின்னணி ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க யாருன்னே தெரியல. தடுக்குற பயம் வரணும்னா தண்டனை சீக்கிரம் வரணும், முடிவு எடுத்தவன் மேல வரணும். இந்தக் கேஸ்ல ரெண்டும் நடக்கல.

ஐரோப்பா அப்புறம் என்ன பண்ணுச்சு

ரெகுலேட்டர்கள் மேலயே விசாரணை வந்துச்சு. ஐரோப்பிய பேங்கிங் ஆணையம் 2019 பிப்ரவரியில டென்மார்க், எஸ்டோனியா ரெண்டு ரெகுலேட்டரும் யூனியன் சட்டத்த மீறுனாங்களான்னு பாக்க ஆரம்பிச்சுச்சு. மீறுனாங்கன்னு ஒரு வரைவும் தயாராச்சு. ஏப்ரல்ல அது அந்த ஆணையத்தோட மேல் குழுவுல ஓட்டுக்கு வந்துச்சு. அந்தக் குழுவுல உக்காந்திருக்குறது ஒவ்வொரு நாட்டோட ரெகுலேட்டர்களும்தான். வரைவு தள்ளுபடி ஆயிடுச்சு. இன்னிக்கு இவங்க மேல ஓட்டுப் போட்டா நாளைக்கு நம்ம மேலயும் வரும்னு தெரிஞ்ச ஆளுங்ககிட்ட தீர்ப்பு கேட்டா வேற என்ன வரும்.

அந்தத் தள்ளுபடியும் சேர்ந்துதான், பணச்சலவை தடுப்புக்குன்னு ஐரோப்பாவுக்கு தனி ரெகுலேட்டர் வேணும்ன்ற கோரிக்கைய வலுவாக்குச்சு. 2024ல சட்டம் ஆச்சு, அம்லான்னு சுருக்கமா சொல்ற அந்த அமைப்பு ஃப்ராங்க்ஃபர்ட்ல 2025 ஜூலையில வேலைய ஆரம்பிச்சுச்சு. 2028ல இருந்து ரிஸ்க் அதிகமா இருக்குற சுமார் 40 நிதி நிறுவனங்கள அதுவே நேரடியா கண்காணிக்கும், குறைஞ்சது ஆறு உறுப்பு நாடுகள்ல இயங்குற குரூப்புகள்ல இருந்து தேர்ந்தெடுப்பாங்க. டென்மார்க் கேக்கும், எஸ்டோனியா சொல்லும்ன்ற சுத்து அந்த நாப்பதுக்கு இனி இருக்காது. நல்ல மாற்றம்தான். மிச்ச ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் பழையபடி அந்தந்த நாட்டு ரெகுலேட்டர்கிட்டயேதான் இருக்கும், அம்லா அவங்கள மேல இருந்து ஒருங்கிணைக்கும், அவ்வளவுதான்.

அதனால அம்லாகிட்ட நான் எதிர்பாக்குறது ரெண்டே விஷயம். தாலின்ல 2014ல பண்ண மாதிரி, அந்த ஊர் மொழி தெரிஞ்ச ஆளுங்கள அனுப்பி கஸ்டமர் ஃபைல எடுத்து, சொன்ன கதையையும் ஓடுன பணத்தையும் பக்கத்துல வச்சுப் படிக்கணும், பேங்க் எழுதிக் குடுக்குற பதில அதுக்கு ஈடா எடுத்துக்கக் கூடாது. அப்புறம் ஒரு நாட்டு ரெகுலேட்டருக்கு இன்னொரு நாட்டுல இருந்து எச்சரிக்கை வந்தா, அதுக்கு யார் எந்தத் தேதிக்குள்ள நேர்ல போய் பாத்தாங்கன்னு பதிவு வச்சு, பாக்கலன்னா பேர் சொல்லி கேக்கணும். 2028க்கு முன்னாடி அந்த 40 பேரோட லிஸ்ட்ட தேர்ந்தெடுக்குற வேலை 2027ல நடக்கப் போகுது, எந்தெந்த கிளைகள் அதுல வருதுன்னு அப்ப பாக்கணும்.